கண் போன பின்

கண் என்னும் சொல் தமிழில் ஓர் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. முரசில் அடிபடும் பரப்புக்கும் கண் என்றே பெயர். தேங்காய்க்குக் கண் உண்டு. மயிற்பீலிக்குக் கண் உண்டு. ஆற்றுப் பாலத்தின் வளைவுகளையும் கண் என்றே எண்ணுகிறோம். குழந்தையைக் கொஞ்சுங்கால் கண்ணே என்கிறோம். கல்வியைக் கண்ணென்று வைத்தார் வள்ளுவர். இவை எல்லாவற்றினும் நுட்பமான பொருள் இலக்கணத்தில் உள்ளது. ஏழாம் வேற்றுமையின் உருபு கண். அதன் பொருள் இடம். 'ஊரின்கண்', 'வீட்டின்கண்' என்று எழுதும்போது நாம் பார்வையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

பிறவியிலேயே பார்வையற்றவர் ஒரு நிலையினர். ஐம்பது அறுபது ஆண்டுகள் பார்த்துப் பழகிவிட்டு, கொடிய நோய் ஒன்று வந்து சென்ற பின் பார்வையின்றி எஞ்சி நிற்பவர் வேறொரு நிலையினர். முன்னவருக்கு உலகம் தொடக்கத்திலிருந்தே ஒலியாலும் தொடுதலாலும் ஆகியது. அதில் ஏதோ குறை உண்டென்று பிறர் சொல்லித்தான் அவர் அறிகிறார். பின்னவருக்கோ, நேற்று வரை நின்ற இடம் இன்று பறிபோகிறது. நான் இங்கு எடுத்துக்கொள்ளும் வினா இவரைப் பற்றியது. நோயினால் கண்ணொளியை இழந்த ஒருவரிடமிருந்து போவது எவ்வளவு? அதில் நோய் கொண்டு சென்றது எவ்வளவு? அன்பு மிக்க மனைவி மக்களும் உறவினரும் அண்டை அயலாருமாகிய நாம் எடுத்துக்கொண்டது எவ்வளவு?

இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. நாம் வாழும் இம்மாநகரின் தென்மேற்குப் பகுதியான பேஹாலாவில் 1904ஆம் ஆண்டு பிறந்தார் பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. அத்தகைய சிறுவனைப் பள்ளிக்கூடங்கள் வைத்துக்கொள்ள இயலாமற்போயின. 1917இல் அவரைச் சாந்திநிகேதனத்துக்கு அனுப்பினர். அங்கே கலாபவனம் தோன்றியதும் நந்தலால் போஸிடம் மாணவராய்ச் சேர்ந்து, 1925 முதல் அங்கேயே ஆசிரியராகி, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்தார். புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்தாலன்றி எழுத்துத் தெரியாத ஒருவர் ஓவிய ஆசிரியரானார் என்பதே வியப்பன்றோ?

அவர் வரைந்த சுவரோவியங்களுள் தலைசிறந்தது சாந்திநிகேதனத்து இந்தி பவனத்தில் 1946-47இல் உருவானது. மூன்று சுவர்களில் நீண்டு செல்லும் அவ்வோவியம் இடைக்காலத்து அடியார்களின் வாழ்வைச் சொல்வது. நம் திருப்பெரும்பூதூரில் தோன்றிய இராமாநுசரும் அதில் இருக்கிறார். கபீரும் துளசிதாசரும் இருக்கிறார்கள். கண்ணில்லாமலே கண்ணனைப் பாடிய சூர்தாசரும் இருக்கிறார். ஈரச் சுண்ணப்பூச்சின்மேல் வரையும் முறை அது. பூச்சு உலர்வதற்குள் அன்றைய பகுதியை முடித்தாகவேண்டும். உலர்ந்தபின் திருத்த வழியில்லை. பின்னோக்கி நடந்து சென்று முழுச் சுவரையும் ஒருங்கே காண்பது எந்த ஓவியருக்கும் தேவை. பினோத் பிஹாரியின் கண்ணுக்கு அந்த வசதி இல்லை. முழுமையை அவர் மனத்தில் வைத்துக்கொண்டு, கைக்கெட்டும் அளவை மட்டும் கண்ணால் கண்டு, அத்துணை நீளத்தையும் கடந்து சென்றார். அப்பணியில் உடனிருந்து உதவிய மாணவர்களுள் ஒருவர், கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போரில் சிறை சென்று, 1944இல் சாந்திநிகேதனம் வந்த கே.ஜி. சுப்பிரமணியன்.

1957இல், தம் 53ஆம் வயதில், கண்புரைக்குச் செய்துகொண்ட அறுவை பயனளிக்காமல் பினோத் பிஹாரி எஞ்சியிருந்த பார்வையையும் முற்றாக இழந்தார். இனி இவர் ஓவியர் அல்லர் என்று உலகம் முடிவு கட்டியிருந்தால் அதில் வியப்பில்லை. அவர் அம்முடிவை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே சாந்திநிகேதனம் திரும்பிக் கலை வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். வரைவதையும் நிறுத்தவில்லை. ஆனால் கைப்பொருளை மாற்றிக்கொண்டார். மெழுகைப் பிசைந்து உருவங்கள் செய்தார். காகிதத்தை வெட்டி ஒட்டினார். காகிதத்தை மடித்து மனித வடிவங்கள் ஆக்கினார். இம்மாற்றத்தில் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். மையால் இட்ட கோடு விரலுக்குத் தெரியாது. மடித்த மடிப்போ விரலுக்குத் தெரியும். நேற்று விட்ட இடத்தை இன்று தொட்டு அறியலாம். இல்லாத புலனுக்காக ஏங்கிக்கொண்டிராமல், இருக்கும் புலன் படிக்கக்கூடிய எழுத்தாகத் தம் கலையை அவர் மாற்றி எழுதினார். மடித்த காகித உருவங்களை அடிப்படையாகக் கொண்டு 1972இல் கலாபவனச் சுவரொன்றில் சுட்ட ஓடுகளால் பெரியதொரு சுவரோவியத்தை அமைத்தார். முன்பு அவரிடம் பயின்ற சத்யஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 1974இல் பத்ம விபூஷண் விருது வந்தது. வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்த 'சித்ரகர்' என்னும் தன்வரலாறு வங்க உரைநடையின் அணிகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 1980இல் அவர் மறைந்தார். அந்நூலை ஆங்கிலத்தில் ஆக்கி 2006இல் இந்நகரத்துப் பதிப்பகம் ஒன்றின் வாயிலாக உலகுக்குத் தந்தவர், முன்னே சொன்ன நம் சுப்பிரமணியன்தான். மாணவர் ஆசிரியருக்குச் செய்த கடன் அது.

ராயின் படத்துக்கு 'அகக்கண்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். படம் மிக நேர்மையானது. அதில் ஒப்பாரி இல்லை. ஆயினும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. புறக்கண் போனால் அகக்கண் திறக்கும் என்பது கண்ணுள்ளவர்கள் தங்கள் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்ளும் சொல்லாகிவிட்டது. அதைக் கேட்கவேண்டியவர் நிலை என்ன? பார்வை போன துயரம் ஒருபுறமிருக்க, உடனே ஞானியாகவும் ஆகிவிடவேண்டும் என்னும் புதுச் சுமையும் அவர் தலைமேல் ஏறுகிறது. வந்தவர்கள் எல்லாரும் சூர்தாசரையும் மில்டனையும் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போய்விடுகிறார்கள். அவருக்கோ அப்போதைய கவலை, காப்பிக் கோப்பையின் காது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. பினோத் பிஹாரியின் வாழ்வை நான் சான்றாகக் காட்டுவது, அவர் அகக்கண் பெற்றார் என்பதற்காக அன்று. அவர் தம் தொழிலைப் பிறர் கையில் விடவில்லை என்பதற்காக. குருடாதல் ஒரு புதிய நிலை, புதிய அனுபவம் என்னும் கருத்தினர் அவர். புதிய நிலைக்குப் புதிய பயிற்சி வேண்டும். அருள் மட்டும் போதாது.

நம் மொழியிலும் அத்தகையோர் உண்டு. பழனியில் 1836இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலருக்கு மூன்று வயதில் அம்மை கண்டு இரு கண்களும் போயின. அக்காலத்தில் அம்மை உயிரைக் கொள்ளாமல் விட்டால் கண்ணைக் கொண்டுபோகும். விழியின் கருவிழிப் படலம் புண்ணாகி வெண்மை படர்ந்துவிடும். அந்நோய் இந்தியாவில் 1975இல்தான் ஒழிந்தது. கண் போன அக்குழந்தை செவியால் தமிழ் பயின்று, இராமநாதபுரம் அவைக்குச் சென்று, புலவர்களை வியக்கவைத்துக் கவிச்சிங்கம் என்னும் பட்டம் பெற்றது. இதைச் சொல்வோர் எல்லாம் அவருடைய நினைவாற்றலையே புகழ்வர். நான் வேறொன்றைக் கவனிக்கிறேன். அக்காலத்துத் தமிழ்க் கல்வியே வாய்வழிக் கல்வி. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டு மனப்பாடம் செய்வர். ஏடு துணை மட்டுமே. ஆகவே கண்ணில்லாத ஒருவருக்கும் அந்தக் கல்விக்கூடத்தின் வாயில் அகலத் திறந்திருந்தது. அவருக்குப் பிந்திய தலைமுறைகளில், அச்சும் கோப்பும் கணக்கேடும் வந்து, வாசிக்க முடியாதவனுக்கு வேலையில்லை என்றாயிற்று. கண்ணின் குறை மாறவில்லை. உலகின் அமைப்பு மாறியது. நாம் 'இயலாமை' என்று ஒருவர் உடம்பின்மேல் ஏற்றிச் சொல்வதில் பெரும்பகுதி, நாம் உலகை அமைத்த முறையில் இருக்கிறது.

கல்கத்தாத் தமிழருக்கு இது எளிதில் விளங்கும். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கணக்கும் கற்று ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கியவர்களின் மக்களும் பேரன்மாரும் அல்லரோ நம்மிற் பலர்? கண்ணையே மூலதனமாக வைத்துப் பிழைக்க வந்த சமூகம் இது. நாற்பது ஆண்டுகள் பிறர் கணக்கேட்டில் ஒரு பைசாப் பிழையைக் கண்டுபிடித்தவர், தம் கையெழுத்தை எந்த இடத்தில் இடுவது என்று மகனைக் கேட்கும் நாள் வருமானால், அவருக்குப் போனது கண் மட்டுமன்று.

நோய்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் வீட்டார் செய்யும் கொடுமைகளிற் பாதி அறியாமையால் வருவது. நீரிழிவு விழித்திரையைத் தின்பது பலருக்குத் தெரியும். தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது என்பதும், ஆண்டுக்கொருமுறை விழித்திரையைச் சோதித்தால் லேசர் முதலிய சிகிச்சையால் பெரும்பாலும் காக்கலாம் என்பதும் அவ்வளவாகத் தெரியாது. பக்கவாதம் வந்து தேறியவரின் கதை வேறு. மூளையின் பின்புறம் பாதிக்கப்பட்டால் கண்கள் நலமாக இருக்கும்; ஆனால் இரு கண்களிலும் ஒரே பக்கத்துப் பாதி உலகம் மறைந்துபோகும். இலையில் ஒரு பாதியை உண்டு மறு பாதியை விட்டுவிடுவார். கதவு நிலையில் ஒரே தோளை இடித்துக்கொள்வார். இடப்பக்கம் மறைந்தவருக்கு வரி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வலப்பக்கம் மறைந்தவருக்கு அடுத்த சொல் தெரியாது. படிப்பு தடுக்கித் தடுக்கிச் செல்லும். "கண்ணாடி போட்டும் இவருக்குக் கவனமில்லை" என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். இடப்பக்கம் மறைந்தவருக்குப் பக்கத்தின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடொன்று இட்டு, அக்கோடு தென்படும் வரை தலையைத் திருப்பப் பழக்கினால் அவர் மீண்டும் செய்தித்தாள் படிக்கக்கூடும். ஒரு கோடு! அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் படிப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, வெளியே சொல்லப்படாதது. பார்வை பெரிதும் மங்கியவர்கள் சிலர், இல்லாத மனிதர்களையும் பூக்களையும் கட்டடங்களையும் தெளிவாகக் காண்பதுண்டு. ஜெனிவா நகரத்து அறிஞர் சார்லஸ் பொன்னே, கண்புரையால் பார்வை குன்றிய தம் பாட்டனாருக்கு இவ்வாறு நேர்ந்ததை 1760இல் எழுதி வைத்தார். பாட்டனாரின் அறிவு முற்றிலும் தெளிவாக இருந்தது. காட்சி வரத்து நின்றுபோன மூளை தானே படம் வரைந்துகொள்கிறது, அவ்வளவே. இது பைத்தியமும் அன்று, பேயும் அன்று. ஆனால் நம் வீட்டுப் பாட்டி, சன்னலருகே யாரோ நீலப் புடைவையில் நிற்பதாகக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மருமகள் மனநோய் மருத்துவரைத் தேடுவாள். இன்னொருத்தி மந்திரிக்க ஆளைத் தேடுவாள். ஆகவே அவள் சொல்வதில்லை. தான் காண்பதைப் பற்றிப் பேசும் உரிமையும் பார்வையோடு சேர்ந்து போய்விடுகிறது.

இங்கே நாம் வீட்டுக்குள் வந்துவிட்டோம். காந்தாரியைப் பற்றி எண்ணுகிறேன். கணவனுக்குக் கண்ணில்லை என்றறிந்ததும் தன் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டவள் அவள். கற்பின் சிகரம் என்று அவளைப் பாடிவிட்டோம். ஆயினும் அக்கட்டினால் திருதராட்டிரனுக்கு விளைந்த நன்மை என்ன? அவனுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அத்துணை தானும் இருளில் அமர்ந்துகொண்டது. நூறு பிள்ளைகள் தீய வழியில் போனபோது அவ்வரண்மனையில் பார்த்துச் சொல்ல ஒரு தாயின் கண் இல்லை. நம் குடும்பங்களில் பல மனைவியர், துணி கட்டாமலே, இதைச் செய்கின்றனர். கணவருக்குக் கண் போன நாளிலிருந்து தாமும் கோவிலுக்குப் போவதில்லை, திருமணத்துக்குப் போவதில்லை, இசை கேட்பதில்லை. அவர் துன்புறும்போது நான் மகிழலாமா என்பது அவர்கள் எண்ணம். தம்மால் ஒரு வீடே இருண்டது என்னும் எண்ணத்தை அந்த மனிதர் இரவும் பகலும் சுமக்கவேண்டியிருப்பதை அவர்கள் காண்பதில்லை.

இரட்டைப் புலவர் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர்க்குக் கால் இல்லை, மற்றவர்க்குக் கண் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் ஏறிக்கொள்ள, ஒருவர் நடப்பார், மற்றவர் வழி சொல்வார். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் தொடங்கப் பிற்பாதியை மற்றவர் முடிப்பார். அங்கே தியாகம் இல்லை, கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. தோள் கொடுத்தவரே பாரத்தைச் சுமந்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. கண்ணிழந்தவரிடமிருந்து நாம் ஏதேனும் கேட்டு வாங்கிக்கொள்கிறோமா? பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லித்தர, கீரை ஆய, தொலைபேசியில் ஊர்ச் செய்தி விசாரிக்க, மாதக் கணக்கை மனத்தில் போட்டுச் சொல்ல அவரைக் கேட்கிறோமா? "நீங்கள் சும்மா உட்காருங்கள் அப்பா" என்பது அன்பான சொல்தான். ஒரு மனிதரை வீட்டுப் பொருள்களுள் ஒன்றாக ஆக்கிவிடும் சொல்லும் அதுதான்.

உண்மையை மறைப்பது மற்றொன்று. மருத்துவர் இனிப் பார்வை திரும்பாது என்று மகனிடம் சொல்லிவிடுகிறார். மகன் தந்தையிடம், "இன்னும் ஆறு மாதத்தில் சரியாகிவிடும்" என்கிறான். ஆறு மாதம் ஓராண்டாகிறது. திரும்பப் போகிற பார்வைக்காகக் காத்திருப்பவர் ஊன்றுகோல் பிடித்து நடக்கக் கற்பாரா? பயிற்சிக்கு உகந்த நாள்கள் எல்லாம் பொய்யான நம்பிக்கையில் கழிகின்றன. கொடிய செய்தியை ஒரே மூச்சில் சொல்லிவிடவேண்டும் என்று நான் கூறவில்லை. உடம்பு அவருடையது, அதைப் பற்றிய செய்தியும் அவருடையது. அவர் கேட்டால் சொல்லவேண்டும். கேட்க இடம் கொடுக்கவும் வேண்டும்.

பணத்தைப் பற்றி நம்மவர் வெளிப்படையாகப் பேசுவதில்லை; ஆனால் உரிமை முதலில் பறிபோவது அங்கேதான். கண் தெரியாதவர் காசோலையில் கையெழுத்திடக்கூடாது என்று வங்கியில் சொல்வார்கள் என எண்ணிக்கொண்டு, கணக்கை மகன் பெயருக்கு மாற்றிவிடுகிறோம். பார்வையற்றோருக்குக் காசோலைப் புத்தகம், பாதுகாப்புப் பெட்டகம் முதலிய எந்த வசதியையும் மறுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே அறிவுறுத்திவிட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், உடற்குறையுள்ளோர் சொத்து வைத்துக்கொள்ளவும் தம் பணத்தைத் தாமே ஆளவும் பிறரைப் போன்றே தகுதியுடையோர் என்கிறது. சட்டம் கொடுத்ததை நாம் பரிவினால் பிடுங்கிக்கொள்கிறோம்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு மட்டுமே உரிய இழப்பு ஒன்றுண்டு. அதை எந்த மருத்துவ நூலும் எழுதக் கண்டதில்லை. திருமணமாகி இங்கு வந்து, வங்கமொழியை முறையாகக் கற்காமலே ஐம்பது ஆண்டு வாழ்ந்த தாய்மார் நம்மிடையே உண்டு. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்குவார்கள். பூஜைப் பந்தலில் அண்டை வீட்டாருடன் சிரித்துப் பேசுவார்கள். எப்படி? பாதி மொழி, பாதி முகம். எதிரிலிருப்பவரின் புருவமும் கையசைவும் விடுபட்ட சொற்களையெல்லாம் நிரப்பிவிடும். பார்வை போன மறுநாள், அந்தத் தாய்க்குப் பாதி வங்கமொழியும் போய்விடுகிறது. இப்போது கேட்பது வெறும் ஒலி. "மாஷிமா" என்று அன்போடு அழைத்து வரும் பக்கத்து வீட்டுப் பெண் கோபமாகப் பேசுகிறாளா, கேலி பேசுகிறாளா என்று கூடத் தெரியவில்லை. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அவள் மெல்ல மெல்ல வாயிற்பக்கம் வருவதை விட்டுவிடுகிறாள். ஊருக்கே திரும்பிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். எந்த ஊர்? அறுபதாண்டுக்கு முன் விட்டு வந்த தஞ்சை மாவட்டத்து வீடு இப்போது இல்லை. இருந்தாலும் அதன் படிகளை அவள் கால் அறியாது. இந்த வீட்டு மாடிப்படி எத்தனை என்று அவள் காலுக்குத் தெரியும். அந்தி நேரத்தில் எந்த வீட்டிலிருந்து சங்கொலி முதலில் எழும் என்று அவள் செவிக்குத் தெரியும். டிராம் மணியோசை நகரத் தெருக்கள் பலவற்றில் அடங்கிவிட்டது உண்மையே; என்றாலும் அவளுக்குத் தெரிந்த ஒலிகளின் ஊர் இதுவே. இடம் மாற்றுவதற்கு முன் அவளைக் கேட்கவேண்டும்.

இதற்கு எதிர்மாறான ஒரு நன்மையும் உண்டு. அறிந்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். ஆறு புள்ளிகளால் ஆன பிரெயில் எழுத்து, இந்திய மொழிகளுக்குப் பலவாறாக இருந்ததை ஒழுங்குபடுத்தி, 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொது முறையை ஏற்றனர். அதில் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்றே. தமிழ்க் ககரத்துக்கும் வங்கக் ககரத்துக்கும் அதே புள்ளிகள். நமக்கே உரிய ழகரம் போன்ற சிலவற்றை விட்டால், கண்ணுக்கு வேறு வேறாகத் தோன்றும் இரு எழுத்துகளும் விரலுக்கு ஒன்றாகிவிடுகின்றன. கண்ணுள்ளபோது வங்கக் கடைப்பலகையைப் படிக்கத் தெரியாதிருந்த தமிழர், கண் போன பின் தமிழ்ப் பிரெயில் கற்றால், வங்க எழுத்திலும் ஒரு பகுதியைக் கற்றவராகிறார்! எல்லாருக்கும் இது கைகூடும் என்று சொல்லமாட்டேன். நீரிழிவால் பார்வை இழந்தவர்க்கு விரல் நுனியின் உணர்வும் மழுங்குவதுண்டு. முதுமையில் புள்ளிகளைப் பிரித்தறிவது கடினம். அத்தகையோருக்குச் செவிவழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள், கணினித் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும், விலை கிடையாது, தமிழும் படிக்கும். கைப்பேசிகளும் இன்று பேசுகின்றன. கவிச்சிங்க நாவலர் காலத்துச் செவிக்கல்வி வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது எனலாம்.

பேஹாலாவிலுள்ள கல்கத்தா பார்வையற்றோர் பள்ளியை 1897இல் நிறுவிய லால் பிஹாரி ஷா, வங்க மொழிக்குப் பிரெயில் வகுத்தவர். நரேந்திரபூரில் இராமகிருஷ்ண மிஷன் நடத்தும் பார்வையற்ற மாணவர் கல்விக்கூடம் 1957இல், பினோத் பிஹாரிக்குப் பார்வை போன அதே ஆண்டில், தோன்றியது. இவை குழந்தைகளுக்கும் இளைஞருக்கும் செய்யும் தொண்டு பெரிது. அறுபது வயதில் கண் போனவர் அந்த வகுப்புகளில் எந்தப் பலகையில் போய் உட்காருவது? அவருக்கு வேண்டியது ஒரு வெண்கோலும், சில வாரம் உடன் நடந்து பழக்க ஓர் ஆளும். கோலை வீசி நடப்பதற்கும் ஒரு கலை உண்டு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக அமெரிக்காவில் ஹூவர் என்பவர் அதை ஒழுங்கான பயிற்சியாக்கினார். இடக்கால் முன்னே வரும்போது கோலின் நுனி வலப்புறம் தரையைத் தொடும். வலக்கால் வரும்போது இடப்புறம். அடுத்த அடி வைக்கப்போகும் இடம் ஓரடி முன்னதாகவே சோதிக்கப்பட்டுவிடுகிறது. நம்மவர் கோலைக் கையில் எடுக்கக் கூசுகிறார்கள். கோல் பிடித்தால் ஊரார்க்குத் தெரிந்துவிடுமே என்கிறார்கள். மகன் தோளைப் பிடித்து நடந்தால் தெரியாது என்பது போல!

கூச்சத்தின் வேர் பழைய நம்பிக்கை ஒன்றில் இருக்கிறது. கண் போவது முன்வினைப் பயன் என்று நம் முன்னோர் நம்பினர்; நம் வீடுகளில் இன்றும் தாழ்ந்த குரலில் அப்படிச் சொல்வோர் உண்டு. சுந்தரர் வரலாற்றை அதற்குச் சான்று காட்டுவர். சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்துவிட்டுத் திருவொற்றியூரை விட்டு நீங்கியதால் அவர் இரு கண்களையும் இழந்தார் என்பது உண்மையே. அவ்வரலாற்றில் பின்னே நடந்ததை எவரும் சொல்லுவதில்லை. சுந்தரர் தலைகுனிந்து ஒதுங்கவில்லை. வழியெல்லாம் பாடினார், இறைவனோடு வழக்காடினார், ஏசினார், கேலி செய்தார். வெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் ஒன்றுதான். அதையும் வாங்கிக்கொண்டு நடந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் வரும் வரை அவர் சினம் அடங்கவில்லை. அந்தச் சினத்தைத் தமிழ்ச் சமயம் திருமுறைக்குள் வைத்துப் போற்றியிருக்கிறது. அப்படியிருக்க, நோயில் கண்ணிழந்த ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினால், "இப்படியா பேசுவது, எல்லாம் ஆண்டவன் விருப்பம்" என்று நாம் ஏன் அவர் வாயை மூடுகிறோம்? துயரப்படுவதற்கும் சினப்படுவதற்கும் அவருக்குக் காலம் தரவேண்டும். அவர் வாழ்க்கையில் ஒரு சாவு நிகழ்ந்திருக்கிறது; அதற்குத் துக்கம் காக்கும் நாள் உண்டு.

அதே திருவாரூரில் பிறவிக் குருடராகிய தண்டியடிகள் இருந்தார். குளத்தைத் தூர் வாரித் திருத்த எண்ணியவர், யாரையும் கெஞ்சவில்லை. குளத்தின் உள்ளே ஒரு கழியும் கரையில் ஒரு கழியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து கரையேறிக் கொட்டினார். பெரியபுராணம் அவரை நாயன்மாருள் ஒருவராகப் பாடுகிறது. என் கண்முன் நிற்பது அவர் பெற்ற பேறு அன்று, அந்தக் கயிறுதான். படுக்கையிலிருந்து குளியலறைக்கு, அடுக்களையிலிருந்து பூசை மாடத்துக்கு, நம் வீடுகளிலும் ஒரு கயிறு கட்டலாம். கட்டும் முன் ஒன்று கேட்கவேண்டும்: எங்கிருந்து எங்கே கட்டவேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். நாற்காலியை நகர்த்தினால் அவரிடம் சொல்லிவிட்டு நகர்த்தவேண்டும். உப்பு டப்பாவை எடுத்த இடத்திலேயே வைக்கவேண்டும். அறைக்குள் நுழைந்தால் பெயர் சொல்லி நுழையவேண்டும். போகும்போதும் போகிறேன் என்று சொல்லவேண்டும். காலியான நாற்காலியுடன் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்று அறியும் அவமானத்தைவிடக் கொடியது வேறில்லை.

இம்மலர் சிறிய எழுத்தில் அச்சாகி உங்கள் கைக்கு வருகிறது. யாரைப் பற்றி எழுதினேனோ அவர்களால் இதைப் படிக்க இயலாது. வீட்டில் ஒருவர் உரக்கப் படித்தால்தான் உண்டு. படிப்பவரிடம் ஒரு வேண்டுகோள். கேட்பவர் இடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். "இந்த ஆள் சொல்வது தவறு, எனக்கு அப்படி இல்லை" என்றால், எப்படி என்று கேளுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.